முந்திரிக்கொட்டைப் பெட்டி

ஜூன் 3, செவ்வாய்

ஓய்வு பெற்று மூன்றாம் நாள். முப்பத்தைந்து வருஷம் அரசு அலுவலகத்தில் குப்பை கொட்டி, கடைசி ஒன்பது வருஷம் கண்காணிப்பாளராக இருந்து, மற்றவர்கள் எழுதிய வரைவுகளைச் சிவப்பு மையால் திருத்தியவன் நான். இனித் திருத்த ஆள் இல்லாததால் நாட்குறிப்பு தொடங்குகிறேன். பெயர் நாச்சிமுத்து, ஊர் கோபிசெட்டிபாளையம். பிற்காலத்தில் யாராவது படித்தால் தெரிய வேண்டுமே.

பெங்களூரில் வேலை பார்க்கும் மகன் தரணி, ஓய்வுப் பரிசாக லேப்டாப் ஒன்று அனுப்பியிருக்கிறான். அலுவலகத்தில் நான் சொல்லச் சொல்ல அடிப்பதற்கு ஒரு ஆள் இருந்தார். இங்கே நானே சொல்லி நானே அடிக்க வேண்டியிருக்கிறது.

பிரவுசரைத் திறந்தால் மேலே நீளமாக ஒரு பெட்டி. முகவரியும் அதில்தான் அடிக்க வேண்டுமாம், தேடுவதும் அதில்தானாம். தபால் பெட்டியையும் குப்பைத் தொட்டியையும் ஒன்றாக வைத்த மாதிரி. வாசல் முருங்கையில் கம்பளிப்பூச்சி அப்பிக் கிடக்கிறது, அதற்கு வழி கேட்கலாம் என்று "முரு" என்று அடித்தேன். அதற்குள் பெட்டிக்குப் பொறுக்கவில்லை. முருகன் கோவில் நடை திறக்கும் நேரமா, முருங்கைக்கீரை சூப்பா என்று கீழே வரிசையாகத் தொங்கவிட்டது. நான் என்ன கேட்கப் போகிறேன் என்று எனக்கே முழுதாகத் தெரியாதபோது இந்த முந்திரிக்கொட்டைக்கு எப்படித் தெரியும்?

அதை மதிக்காமல், "முருங்கையில் கம்பளிப்பூச்சி உள்ளது.ஒழிக்கும் வழியைத் தெரிவிக்கவும்" என்று முறையாக அடித்து என்டர் தட்டினேன். முற்றுப்புள்ளிக்குப் பின் இடம் விடாமல் அடிப்பது எங்கள் அலுவலக வழக்கம். நடுவில் புள்ளி வந்தால் அது ஏதோ முகவரி என்று பெட்டி நினைத்துக்கொள்ளுமாம். "இந்தத் தளத்தை அடைய முடியவில்லை" என்று சொல்லிவிட்டது. முருங்கை மரம் வாசலில் நிற்கிறது. நான்கு எட்டு வைத்தால் அடைந்துவிடலாம்.

மாலையில் கலாமணி பள்ளிக்கூடத்திலிருந்து வந்தாள். என் மனைவி, உள்ளூர் அரசுப் பள்ளியில் கணக்கு டீச்சர், இன்னும் மூன்று வருஷம் சர்வீஸ் இருக்கிறது. காபியைக் கையில் கொடுத்துவிட்டு, "ஏனுங்க, இந்தத் தடவ ஹெச்செம் பேனல்ல எம்பேரு வருமாட்ட இருக்குது. வந்துச்சுன்னா நான்..." என்றாள்.

"வந்துச்சுன்னா உரிமைவிடல் எழுதிக் குடுக்கோணும், அவ்வளவுதானே? நான் எழுதித் தர்றேன், உடு" என்றேன்.

பேனல் என்பது தலைமையாசிரியர் பதவி உயர்வுக்குத் தகுதியானவர்கள் பட்டியல். பதவி உயர்வு வேண்டாம் என்று எழுதித் தருவதுதான் உரிமைவிடல். ஆறு வருஷத்துக்கு முன்பு தாளவாடி மலைக்குத் தலைமையாசிரியராகப் போகும் வாய்ப்பு வந்தபோது, "குடும்பச் சூழ்நிலை காரணமாக இப்பதவி உயர்வினை ஏற்க இயலாத நிலையில் உள்ளேன்" என்று நான்தான் வரைவு எழுதிக் கொடுத்தேன். பிரமாதமான கடிதம். கையெழுத்து மட்டும் அவளுடையது. அந்தக் குடும்பச் சூழ்நிலை இப்போது ஓய்வு பெற்று முழு நேரமும் வீட்டில் இருப்பதால், இந்தத் தடவையும் காரணம் தேட வேண்டியதில்லை. ஒரு முறை மறுத்தவர் பெயர் மூன்று வருஷம் பட்டியலில் வராது. மூன்று வருஷத்தில் அவளே ஓய்வு பெற்றுவிடுவாள். ஆக, இந்தத் தொல்லை இத்துடன் தீர்ந்தது.

ஜூன் 5, வியாழன்

பெட்டியில் ஒரு எழுத்தைத் திருத்தக் கிளிக் செய்தால் மொத்த வரியும் நீலமாகிறது. அடுத்து எதைத் தொட்டாலும் மொத்தமும் காணாமல் போகிறது. ஒரு காலைத் திருத்த வந்தவனிடம் ஆளையே அழித்துக் கொடுக்கிறார்கள்.

ஜூன் 8, ஞாயிறு

தரணி போன் செய்தான். நீல விவகாரத்தைக் கேட்டேன். "அது வசதிக்குப்பா" என்றான். யாருடைய வசதிக்கு என்று கேட்டால் சிரிக்கிறான்.

தமிழில் அடிப்பது இன்னொரு கூத்து. நான் ஆங்கில எழுத்தில் அடிக்க அடிக்க, கீழே தமிழ்ச் சொற்கள் வரும். வேண்டியதை என்டர் தட்டி எடுத்துக்கொள்ள வேண்டும். சொல்லை எடுக்கத் தட்டிய என்டரை, தேடச் சொன்ன என்டர் என்று பெட்டி எடுத்துக்கொண்டு பாதி வாக்கியத்தோடு கிளம்பிவிடுகிறது. "மிக்ஸி ஜாரில் தண்ணீர் ஒழுகுகிறது" என்று கேட்கப் போனேன். "மிக்ஸி" என்பதோடு ஓடிப்போய், புது மிக்ஸி பதினெட்டு பிடித்துக்கொண்டு வந்தது. பாதியில் ஓடாதே, சொல்லி முடிக்கும்வரை நில் என்று இதற்குச் சொல்ல ஒரு பெரிய மனுஷன் அந்தக் கம்பெனியில் இல்லையா?

போனை வைக்கும் முன் தரணி, "அம்மா உங்ககிட்ட ஏதாச்சும் பேசுனாங்களாப்பா?" என்றான்.

"எதைப் பத்தி?"

"அம்மாவே சொல்லுவாங்க. நீங்க கொஞ்சம் பொறுமையா..."

"பொறுமைக்கு என்ன, அறுபதாம் கல்யாணத்தைப் பத்தித்தானே? எல்லாம் தெரியும்" என்றேன். சர்ட்டிபிகேட்டில் எனக்கு மே மாதம் பிறந்தநாள், ஜாதகப்படி ஆவணி. வரும் ஆவணியில் அறுபதாம் கல்யாணம். தாயும் மகனும் எனக்குத் தெரியாமல் ஏதோ திட்டம் போடுகிறார்கள் என்று புரிந்துவிட்டது. இத்தனை வருஷம் கோப்புகளில் ஒளிந்திருந்ததை எல்லாம் கண்டுபிடித்தவனிடமா?

ஜூன் 10, செவ்வாய்

பெட்டியைப் பற்றிக் கம்பெனிக்கே புகார் எழுத உட்கார்ந்தேன். பொருள், பார்வை எல்லாம் மனசில் தயார். புகார்ப் பக்கத்தைத் திறந்தால் அங்கேயும் ஒரு பெட்டி. "உங்களுக்கு என்ன உதவி வேண்டும்?" என்கிறது. சொல்லலாம் என்று இரண்டு சொல் அடித்தால், "நீங்கள் இதைத்தானே கேட்கிறீர்கள்?" என்று ஐந்து பதில்களை நீட்டுகிறது. ஐந்தும் இல்லை என்றால் இன்னும் ஐந்து. அரை மணி நேரம் மல்லுக்கட்டினேன். புகாரின் முதல் வரியைக்கூடச் சொல்ல முடியவில்லை. கடைசியில், "உங்கள் பிரச்சினை தீர்ந்ததில் மகிழ்ச்சி" என்று அதுவே சொல்லி முடித்துக்கொண்டது.

இப்படி ஒருவனோடு எவன் குடும்பம் நடத்துவான்?

ஜூன் 12, வியாழன்

கலாமணி வாழைப்பூ வாங்கி வைத்துவிட்டுப் போயிருந்தாள், நரம்பு எடுத்து வைக்கச் சொல்லி. எந்த நரம்பு என்று தெரியாமல் பெட்டியைக் கேட்டேன். "வா" என்றதுமே கீழே வந்தவை:

வால்பாறை வாடகை வீடு
வால்பாறை மழை எந்த மாதம்
வால்பாறை அட்டைப்பூச்சி கடிக்காமல் இருக்க
வால்பாறை பொள்ளாச்சி கடைசி பஸ்

நான் ஜென்மத்தில் வால்பாறை என்று அடித்தது கிடையாது. மாலையில் நான் நடக்கப் போகும் நேரத்தில் கலாமணி இந்த லேப்டாப்பில் உட்காருகிறாள். அவள் தேடியதைத்தான் பெட்டி எனக்கு நீட்டியிருக்கிறது. ஆக, திட்டம் பிடிபட்டது. அறுபதாம் கல்யாணம் முடிந்ததும் வால்பாறையில் வீடு எடுத்து நான்கு நாள் தங்குவது. லாட்ஜ் எனக்குப் பிடிக்காது என்று தெரிந்து வாடகை வீடே பார்க்கிறாள். முப்பத்துமூன்று வருஷத்தில் அவளாக ஒரு ஊருக்குப் போகலாம் என்று சொன்னதில்லை. மனசுக்கு இதமாகத்தான் இருந்தது.

வாழைப்பூவை அப்படியே வைத்துவிட்டேன்.

ஜூன் 13, வெள்ளி

காலையில் தோசை சுட்டுக்கொண்டிருந்தவளிடம், "மலைக்குப் போற ஏற்பாடெல்லாம் நடக்குதாட்ட இருக்குது?" என்றேன், சாதாரணமாகக் கேட்பதுபோல.

கரண்டி அப்படியே நின்றது. "உங்களுக்குத் தெரிஞ்சு போச்சுங்களா?"

"பெட்டி சொல்லிருச்சு. எனக்குச் சந்தோசந்தான்."

"நெசமாலுமேங்களா? நான் எப்படிச் சொல்றதுன்னே தெரியாம இருந்தேனுங்க. நீங்க ஒத்துக்கவே மாட்டீங்கன்னுதான்..."

"நான் ஏன் ஒத்துக்காம இருக்கறேன்? அந்தக் குளுருக்குப் போறதுக்கு ஒரு குடுப்பினை வேணும். ஸ்வெட்டரை மட்டும் மறந்துராத."

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. தோசை ஒன்று தீய்ந்தது. அதை அவள் தட்டில் போட்டுக்கொண்டு, எனக்கு முறுகலாக வேறு சுட்டுப் போட்டாள். என் பெருந்தன்மையை அவள் எதிர்பார்க்கவில்லை.

ஜூன் 17, செவ்வாய்

பேனல் வெளியாகிவிட்டது என்று நடைப்பயிற்சியில் ஒரு வாத்தியார் சொன்னார். உடனே வந்து தேடி எடுத்தேன். நாற்பத்துமூன்று பக்கம். பக்கத்துக்குள்ளேயே தேடுவதற்கு வேறொரு குட்டிப் பெட்டி இருக்கிறது, வலது மூலையில், தபால்தலை அளவில். அதில் "கலாமணி" என்று அடித்தேன். 0/0 என்று சுழி காட்டியது. முதலெழுத்தோடு அடித்தேன். சுழி. "கலா" என்று மட்டும் அடித்தேன். அப்போதும் சுழிதான்.

ஆயிரம் பெயரில் ஒரு கலாகூட இல்லையா என்று ஒரு கணம் தோன்றியது. ஆனால் பெட்டி தெளிவாகச் சொல்லும்போது நாம் ஏன் குடைய வேண்டும்? இத்தனை நாளில் இது உருப்படியாகச் சொன்ன ஒரே பதில் இதுதான். கடிதம் எழுதும் வேலையும் மிச்சம்.

அவள் வந்ததும், "லிஸ்ட்டப் பாத்துட்டேன்" என்றேன்.

"பாத்துட்டீங்களா? எம்பேரு..."

"அதான் பாத்துட்டேங்கறேன்ல. நல்லதாப் போச்சு. எனக்கு இப்பத்தான் நிம்மதி."

"உங்களுக்கு ஒண்ணும் வருத்தமில்லீங்களே?"

"எனக்கென்ன வருத்தம்?"

இரவுச் சாப்பாட்டுக்கு முன் கச்சாயம் சுட்டாள். தீபாவளிக்குத்தான் சுடுவாள். பதவி உயர்வு வராத சந்தோஷத்தில் பலகாரம் சுடும் பொம்பளை இந்த ஜில்லாவில் இவள் ஒருத்திதான் இருப்பாள். நான் கொடுத்து வைத்தவன்.

ஜூன் 19, வியாழன்

மேல் பெட்டியில் அடிக்கத் தொடங்கினேன். பக்கம் முழுதாகத் திறந்ததும் கர்சர் தானாகப் பக்கத்தின் நடுவில் இருக்கும் இன்னொரு தேடல் பெட்டிக்குத் தாவியது. "கேஸ் சிலி" மேலே, "ண்டர் பதிவு" கீழே. இரண்டு பெட்டியும் ஒன்றையொன்று பார்த்து விழித்தன. நான் போனில் பதிந்தேன்.

ஜூன் 24, செவ்வாய்

இன்று நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

காலை ஏழு மணிக்கே கலாமணி நல்ல புடவை கட்டிக்கொண்டு கிளம்பினாள். "இன்னைக்கு ஈரோட்டுல கவுன்சிலிங்குங்க. நான்..." என்றாள்.

"டூட்டி போட்டுட்டாங்களா? போயிட்டு வா. கம்ப்யூட்டர் முன்னால உக்கார உடுவாங்க, கண்ணாடிய எடுத்துக்க" என்றேன். பதவி உயர்வுக் கலந்தாய்வுக்கு எடுபிடி வேலைக்கு டீச்சர்களைக் கூப்பிடுவது வழக்கம்தான். வாசலில் நின்று, "வரட்டுங்களா?" என்று இரண்டு தடவை கேட்டாள். சரி சரி என்றேன்.

மதியம் தரணி போன் செய்தான். "அம்மா எந்த ஊரு எடுத்தாங்கப்பா?"

"எடுக்கறதுக்கு அவளுக்கென்ன வந்துச்சு? டூட்டிக்குத்தானே போயிருக்கறா. பேருதான் லிஸ்ட்டுலயே இல்லையே, நான் தேடிப் பாத்துட்டேன்."

"எதுல தேடுனீங்க? அந்த மூலைப் பெட்டியிலயா? அப்பா, அது பழைய ஃபாண்ட்டுல அடிச்ச லிஸ்ட்டு. கண்ணுக்குத்தான் தமிழ், உள்ளுக்குள்ள எல்லாம் வேற எழுத்து. அதுல யாரு பேரைத் தேடுனாலும் கெடைக்காது. கண்ணால படிங்க."

முதல் பக்கத்திலிருந்து விரல் வைத்துப் படித்தேன். எட்டாம் பக்கத்தில், வரிசை எண் 186, நா. கலாமணி, கணிதம், கோபிசெட்டிபாளையம். அவளுக்கு மேலே இரண்டு கலாவதி, ஒரு சந்திரகலா. எல்லோரும் அங்கேயே இருந்திருக்கிறார்கள்.

ஐந்தரைக்கு வந்தாள். கையில் உறை. பூஜை அறையில் வைத்துக் கும்பிட்டுவிட்டு என்னிடம் நீட்டினாள். வால்பாறைக்குப் பக்கத்தில் எஸ்டேட் நடுவில் இருக்கும் உயர்நிலைப் பள்ளியில் தலைமையாசிரியர். ஒரு வாரத்துக்குள் சேர வேண்டும்.

"என்ன புள்ள இது? எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலையே?"

அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். "மூணு தடவ சொன்னேனுங்க. மலைக்குப் போறது தெரியும், சந்தோசம்னீங்க. லிஸ்ட்டப் பாத்துட்டேன், நிம்மதின்னீங்க. இன்னைக்குக் காலையில சரின்னு சொல்லித்தானே அனுப்புனீங்க?"

"அது அறுபதாம் கல்யாணத்துக்குன்னு..."

நான் சொல்லி முடிக்கும்வரை அவள் காத்திருந்தாள். முடித்த பிறகு, "ஓ" என்றாள். அவ்வளவுதான். காபி போடப் போய்விட்டாள்.

இந்த நாட்குறிப்பைப் புரட்டிப் பார்த்தேன். அவள் சொன்னதெல்லாம் என் கையெழுத்திலேயே இருக்கிறது. ஒவ்வொன்றும் மூன்று புள்ளியில் நிற்கிறது. அந்தப் புள்ளிகளுக்கு நான் பொறுப்பாக முடியாது. பெட்டி ஒழுங்காகத் தேடியிருந்தால் இவ்வளவும் நடந்திருக்காது.

ஜூன் 26, வியாழன்

சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராகக் கேட்கிறார்கள். "ஐம்பத்தேழு வயசுப் பொம்பளையை மூணு பஸ் மாத்திப் போற ஊருக்குத் தூக்கி அடிச்சுட்டாங்க. ஈவு இரக்கமில்லாத கவர்மெண்ட்டு" என்று சொல்லி வைத்திருக்கிறேன். எல்லோரும் உச்சுக் கொட்டுகிறார்கள். அவள் மட்டும் சூட்கேஸைத் துடைத்துக்கொண்டிருக்கிறாள். பாட்டு வேறு முணுமுணுக்கிறாள்.

ஜூன் 28, சனி

மேல்முறையீடு போடலாம் என்று முடிவு செய்தேன். கணவர் வயது அறுபது, இரத்த அழுத்தம், வீட்டில் வேறு துணை இல்லை. மூன்று பக்க வரைவு. இணைப்புக்காகக் கலந்தாய்வு முடிவுப் பட்டியலை எடுத்தேன். இந்தத் தடவை எந்தப் பெட்டியையும் நம்பவில்லை, விரல் வைத்தே படித்தேன். யார் எந்த வரிசையில் கூப்பிடப்பட்டார், எந்தப் பள்ளியை எடுத்தார் என்று எல்லாம் இருக்கிறது.

186. கலாமணி. வால்பாறை.

அடுத்த வரி 187. யாரோ ஒரு ஜெயபாரதி. அவர் எடுத்த பள்ளி எங்கள் வீட்டிலிருந்து எட்டு கிலோமீட்டர். டவுன் பஸ் போகும். காலையில் இட்லி வைத்துவிட்டுப் போய், ஐந்து மணிக்குத் திரும்பிவிடலாம்.

கலாமணியைக் கூப்பிட்டபோது அந்தப் பள்ளி காலியாக இருந்திருக்கிறது. அவள் எடுக்காததால்தான் அடுத்தவருக்குக் கிடைத்திருக்கிறது. மூன்று தடவை பார்த்தேன். பட்டியலில் தவறில்லை.

வரைவைக் கிழித்துப் போட்டேன். வேறொன்றும் இன்று எழுத முடியவில்லை.

ஜூன் 29, ஞாயிறு

மதியம் அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். எதிரில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன்.

"பக்கத்துலயே பள்ளிக்கூடம் இருந்துச்சு. நீ எடுக்கல."

"ஆமாங்க."

"ஏன்? மலைக்காத்து ஒடம்புக்கு நல்லதுன்னா?"

"இல்லீங்க."

"கோட்டர்ஸ் குடுக்கறாங்கன்னா?"

"அதுவும் இல்லீங்க."

"தாளவாடிக்கு நான் உடலைன்னு மனசுல வெச்சுட்டிருந்தியா? இல்ல, என்ர அம்மா இருந்தப்ப ஏதாச்சும்... இல்ல, தரணி சொல்லிக் குடுத்தானா?"

அவள் மடித்த துண்டை மடியிலேயே வைத்துக்கொண்டாள். கோபமாக இருந்தால்கூடத் தேவலை. கணக்குத் தெரியாத பிள்ளைக்கு நான்காவது தடவை சொல்லிக் கொடுக்கிற முகம்.

"முப்பத்திமூணு வருசத்துல, நான் ஆரம்பிச்சு நானே முடிச்ச பேச்சு ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க பாக்கலாம்" என்றாள்.

"இதென்ன பேச்சு? எத்தனையோ..." என்று தொடங்கினேன். அவள் குறுக்கே பேசவில்லை. சொல்லுங்கள் என்பதுபோல உட்கார்ந்திருந்தாள். கல்யாணமான புதிதிலிருந்து யோசித்துக்கொண்டு வந்தேன். தரணி வயிற்றில் இருக்கிறான் என்று அவள் சொன்னதை நினைத்தேன். அதைக்கூட நான்தான், "முழுகாம இருக்கறியா?" என்று முந்திக்கொண்டு சொன்னேன். அதை இத்தனை நாள் என் சாமர்த்தியம் என்று எல்லோரிடமும் பெருமையடித்திருக்கிறேன்.

வெளியே தண்ணீர் லாரி வந்தது. குடத்தை எடுத்துக்கொண்டு நானே போனேன்.

ஜூலை 1, செவ்வாய்

பொள்ளாச்சி வரைக்கும் கூட்டிப்போய், அங்கிருந்து வால்பாறை பஸ் ஏற்றிவிட்டு வந்தேன். கூடவே வருகிறேன் என்றதற்கு, "சேர்ற அன்னைக்கு நானே போய்க்கறேனுங்க" என்றாள். குட்டிக் குக்கரையும் ஒரே ஒரு தட்டையும் எடுத்துப்போகிறாள். பஸ் கிளம்பியதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. பக்கத்தில் நின்ற கடலை வியாபாரியிடம், டீசல் புகை சேரவில்லை என்றேன். அவர் நம்பவில்லை.

ஜூலை 3, வியாழன்

"ரசம்" என்று அடித்தேன். "ரசம் வைப்பது எப்படி" என்று பெட்டி முடித்தது. சண்டை போடாமல் என்டர் தட்டினேன். ரசம் உப்பு.

ஜூலை 4, வெள்ளி

தரணி போன். எப்படி இருக்கிறீர்கள் என்றான். இருக்கிறேன் என்றேன். அம்மா தினமும் பேசுகிறாளாம் அவனிடம். "என்னப்பா பேசறதுக்கு இவ்வளவு இருக்குது அம்மாவுக்கு?" என்று அவனே ஆச்சரியப்படுகிறான். என்னிடம் தினமும், சேர்ந்துவிட்டேன், சாப்பிட்டேன், மழை, என்று மூன்று வார்த்தை. மீதியை நான் பேசிவிடுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை அவள் கூப்பிடும்போது வாயைத் திறப்பதில்லை என்று முடிவு செய்திருக்கிறேன். வெள்ளைத் தாளில் "பேசாதே" என்று எழுதிச் சுவரில் ஒட்டினேன். அலுவலகத்தில் மற்றவர்களுக்காக ஒட்டிய பழக்கம்.

ஜூலை 6, ஞாயிறு

பத்து மணிக்குக் கூப்பிட்டாள். எடுத்து "ம்" என்றேன். அதோடு இடது கையால் வாயைப் பொத்திக்கொண்டேன்.

சாப்பிட்டேன் என்றாள். மழை என்றாள். வழக்கமாக இந்த இடத்தில் நான், குடை எடுத்துப் போனியா, நல்ல குடையா, என்று ஆரம்பிப்பேன். இன்று பேசவில்லை. அவளும் கொஞ்சம் நின்றாள். பிறகு, பள்ளிக்கூடத்துக் கூரையில் ஒரு ஓடு இல்லை, எட்டாம் வகுப்பை வராந்தாவுக்கு மாற்றியிருக்கிறேன் என்றாள். பிள்ளைகள் செருப்பை வெளியே விட்டுவிட்டு வரும்போது அட்டைப்பூச்சி இருக்கிறதா என்று ஒருவர் காலை ஒருவர் பார்த்துக்கொள்வார்களாம். முதல் நாள் ஒரு பெண் பிள்ளை வந்து, டீச்சர் காலைக் காட்டுங்க என்று கேட்டதாம். காட்டினாளாம். இரண்டு இருந்ததாம். சிரித்தாள். கலாமணி போனில் சிரித்து நான் கேட்டதில்லை. நேரில்கூட எப்போது கேட்டேன் என்று நினைவில்லை.

அட்டைக்கு உப்பு வைக்க வேண்டும், பிய்க்கக் கூடாது என்று எனக்குத் தொண்டை வரை வந்தது. பொத்திய கையை அழுத்திக்கொண்டேன். கடிகாரத்தைப் பார்த்தேன், பதினோரு நிமிஷம் ஆகியிருந்தது. அவள் மூச்சு விடாமல் பேசுகிறாள். குரலே வேறாக இருந்தது. அதைக் கேட்க ஆசையாக இருந்தது. முப்பத்துமூன்று வருஷம் வீட்டிலேயே இருந்த குரல்.

"அப்பறம் முந்தாநேத்து ஸ்டாஃப் ரூமுல ஒண்ணு நடந்துச்சுங்க. தரணிகிட்டக்கூட இன்னும் சொல்லல. உங்ககிட்டத்தான் மொதல்ல சொல்லோணும்னு இருந்தேன். என்ன ஆச்சுன்னா..."

அங்கே நிறுத்தினாள். நான் உள்ளே நுழைய அவள் விட்டு விட்டுப் பழகிய இடம். நான் நுழையவில்லை. சொல், சொல் என்று மனசுக்குள் மட்டும் சொல்லிக்கொண்டு காத்திருந்தேன்.

"ஏனுங்க?" என்றாள். "ஏனுங்க, இருக்கறீங்களா? ஹலோ?"

கையை எடுத்து, "கேக்குது, சொல்லு" என்று நான் சொல்வதற்குள், பக்கத்தில் யாரிடமோ, "லைன் எப்பவோ போயிருச்சாட்ட இருக்குது, நான் பாட்டுக்குப் பேசிட்டிருக்கறேன்" என்றாள். கட்டாகிவிட்டது.

திரும்பக் கூப்பிட்டேன். அவள் வேறொரு அழைப்பில் இருப்பதாகப் பதிவுக் குரல் சொன்னது. தரணியிடம் சொல்லிக்கொண்டிருப்பாள்.